வாக்குச் சீட்டில் இல்லாத வினா

குழந்தைகளுக்கான நூலைப் பெரியவர் எழுதுகிறார், பெரியவர் அச்சிடுகிறார், பெரியவரே விலை கொடுத்து வாங்குகிறார். அந்நூலை எடைபோட்டுப் பரிசளிக்கும் பொறுப்பும் பெரியவர் கையிலேயே இருக்கிறது. எவருக்காக நூல் எழுதப்பட்டதோ அவருடைய கருத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை. விருந்தினரைக் கேளாமல், சமைத்தவர்களும் பரிமாறியவர்களுமே விருந்தின் சுவை பற்றித் தீர்ப்புக் கூறுவது போன்ற நிலை இது.

அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் வழங்கிவரும் நியூபெரி பதக்கம் சிறுவர் இலக்கியத்துக்கு அந்நாடு தரும் தலைசிறந்த சிறப்பாகக் கருதப்படுகிறது. பிரெடரிக் மெல்ச்சர் என்ற பதிப்புத் துறை அறிஞரின் முயற்சியால் தோன்றிய அப்பதக்கத்துக்குரிய நூலைத் தேர்ந்தெடுப்போர் சிறுவர் நூலகத் துறையில் பழுத்த அனுபவம் உடையோர். அவர்களுடைய நேர்மையிலோ புலமையிலோ நமக்கு ஐயம் இல்லை. ஆயினும், தீர்ப்பு வழங்கும் அவையில் ஒரு சிறுவனோ சிறுமியோ இல்லை என்பதும் உண்மையே.

இக்குறையைப் போக்க எழுந்த முயற்சி ஒன்று உண்டு. 1940-ஆம் ஆண்டு, சியாட்டில் நகரப் புத்தக வணிகர் ஹாரி ஹார்ட்மன் என்பவரின் தூண்டுதலால், பசிபிக் வடமேற்கு நூலகச் சங்கம் இளம் வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது ஒன்றைத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஒரு மாநிலம் முழுவதையும் தழுவிய முதல் சிறுவர் தேர்வு விருது கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய விருதுகள் உள்ளன. பள்ளி நூலகங்களும் பொது நூலகங்களும் இணைந்து நடத்தும் இவ்வாசிப்பு இயக்கத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும், பாராட்டோடு நின்றுவிடுவது திறனாய்வு ஆகாது. கான்சாஸ் விருதைச் சான்றாக வைத்து, குழந்தையின் தேர்வு என்று நாம் எதைச் சொல்கிறோம், அத்தேர்வு உண்மையிலேயே குழந்தையினுடையதுதானா என்று சிந்திக்க விழைகிறோம்.

விருதின் பிறப்பும் நடைமுறையும்

கான்சாஸ் விருது வில்லியம் ஆலன் ஒயிட் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1868-இல் எம்போரியா என்ற சிற்றூரில் பிறந்து, அவ்வூரின் 'எம்போரியா கெசட்' இதழை 1895 முதல் 1944-இல் தாம் இறக்கும்வரை நடத்திய இதழாசிரியர் அவர். கருத்துரிமையை வலியுறுத்தி எழுதிய தலையங்கத்துக்காக 1923-இல் புலிட்சர் பரிசு பெற்றார். கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையின வெறிக் கூட்டம் தம் மாநிலத்து அரசியலில் தலைதூக்கியபோது, அதை எதிர்ப்பதற்காகவே 1924-இல் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்; தோற்றார்; ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை. அத்தகையவரின் நினைவாக, சிறுவர் இலக்கியத்தில் தோய்ந்த ரூத் காக்லியார்டோ என்ற அம்மையார் இவ்விருதைத் தோற்றுவித்தார். எம்போரியாவின் ஆசிரியர் கல்லூரி அதற்கு இல்லமாயிற்று. அக்கல்லூரியே இன்று எம்போரியா மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது.

நடைமுறை எளியது. நூலகர்களும் ஆசிரியர்களும் அடங்கிய குழு ஒன்று புதிய நூல்களைப் படித்து, அவற்றிலிருந்து ஒரு பட்டியலை வகுக்கிறது. நூலகங்கள் அந்நூல்களை வாங்கி வைக்கின்றன. பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அவற்றைப் படிக்கிறார்கள். கல்வியாண்டின் பிற்பகுதியில் வாக்களிப்பு நிகழ்கிறது. தொடக்கத்தில் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் ஒரே நூலைத் தேர்ந்தெடுத்தனர். 2001 முதல் மூன்றாம் வகுப்பு தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிரிவும், ஆறு முதல் எட்டு வரை மற்றொரு பிரிவுமாக இரு நூல்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வென்ற ஆசிரியர் எம்போரியாவுக்கு வந்து, தம்மைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் முன்னிலையில் பதக்கம் பெறுகிறார்.

இந்நடைமுறையில் நம் கவனத்தை ஈர்ப்பது ஒரு சிறு விதி. பட்டியலிலிருந்து குறைந்தது இரண்டு நூல்களையாவது படித்த பிள்ளைக்கே வாக்குரிமை உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் புளூபானெட் விருதில் இருபது நூல்களுள் ஐந்தைப் படித்திருக்க வேண்டும். வெர்மாண்ட் மாநிலத்தில் 1957-இல் தொடங்கிய விருதில் முப்பது நூல்கள் கொண்ட பட்டியலில் ஐந்து. எண்ணிக்கை வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றே. ஒரே ஒரு நூலைப் படித்தவர் அதை விரும்பலாம், வெறுக்கலாம். இரண்டாவது நூலைக் கையில் எடுத்தபின்னரே ஒப்பிடுதல் தொடங்குகிறது. 'இது அதைவிட மேலானது' என்று மனம் சொல்லும் அக்கணத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையும் திறனாய்வாளர் ஆகிறது. நாம் பல ஆண்டுகள் பயின்று செய்வதாகப் பெருமை கொள்ளும் பணியின் முதற்படி அதுவே.

இவ்விதியின் அருமையை உணர, அதே கான்சாஸில் பிறந்த மற்றொரு திட்டத்தோடு ஒப்பிடலாம். விச்சிட்டா நகரில் தோன்றிய பீட்சா ஹட் உணவக நிறுவனம் 1984-இல் ஒரு வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர் வகுத்த மாத இலக்கை எட்டிய மாணவருக்கு ஒரு சிறிய பீட்சா இலவசம். அத்திட்டம் நாடெங்கும் பரவியது. படிக்காத பிள்ளையைப் படிக்க வைப்பதற்குத் தின்பண்டம் உதவுமானால் அதை நாம் இகழவில்லை. ஆனால் பீட்சா பெறும் பிள்ளையிடம் நூலைப் பற்றி எவரும் ஒன்றும் கேட்பதில்லை. படித்து முடித்ததா என்பதே கேள்வி. வாக்களிக்கும் பிள்ளையிடமோ அதன் கருத்து கேட்கப்படுகிறது. முன்னது உழைப்புக்குக் கூலி. பின்னது அறிவுக்கு மதிப்பு. கூலி வாங்கியவர் மறுநாள் அதை மறந்துவிடலாம். தம் கருத்து மதிக்கப்பட்டதை எவரும் எளிதில் மறப்பதில்லை.

முதல் வெற்றி நூல்

1953-இல் கான்சாஸ் பிள்ளைகள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த நூல் எலிசபெத் யேட்ஸ் எழுதிய 'அமோஸ் பார்ச்சூன், விடுதலை மனிதர்' என்ற வாழ்க்கைக் கதை. உண்மையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றியது அந்நூல். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அமோஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோல் பதனிடும் தொழிலைக் கற்றார். ஏறத்தாழ அறுபது வயதில், 1770-இல், தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றார். அடிமையாயிருந்த வயலட் என்ற பெண்மணியின் விடுதலையையும் 1779-இல் பணம் செலுத்தி வாங்கி, அவரை மணந்தார். பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஜாப்ரி என்னும் ஊரில் குடியேறி, தோல் தொழிலில் நற்பெயர் ஈட்டி, 1801-இல் மறைந்தார். தாம் ஈட்டியதில் ஒரு பகுதியை ஊர்த் திருச்சபைக்கும் பள்ளிக்கும் எழுதிவைத்தார்.

இந்நூல் 1951-இல் நியூபெரி பதக்கமும் பெற்றது. ஆக, பெரியவர்கள் தேர்ந்தெடுத்த நூலையே ஈராண்டு கழித்துப் பிள்ளைகளும் தேர்ந்தெடுத்தனர். இதைக் கொண்டு, பிள்ளைகளின் சுவையும் பெரியவர்களின் சுவையும் ஒன்றே எனச் சிலர் மகிழலாம். பெரியவர்கள் முன்பே போற்றிய நூலைப் பிள்ளைகள் வழிமொழிந்தனர் எனச் சிலர் ஐயுறலாம். இவற்றுள் எது சரி எனத் துணியுமுன், அப்பிள்ளைகள் எந்த மண்ணில் அமர்ந்து அந்நூலைப் படித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

15,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்கள் தம் தொடக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே பிரித்து வைக்கலாம் என அனுமதித்த 1879-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் கான்சாஸில் நடப்பில் இருந்தது. எம்போரியாவிலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவிலுள்ள தலைநகர் டொபீகாவில், லிண்டா பிரவுன் என்ற சிறுமி தன் வீட்டிலிருந்து சில தெருக்களே தள்ளியிருந்த பள்ளியில் சேர முடியாமல், இருப்புப்பாதைகளைக் கடந்து நடந்து, பேருந்து ஏறித் தொலைவிலிருந்த வேறொரு பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவளுடைய தந்தையும் பிற பெற்றோரும் 1951-இல் தொடுத்த வழக்கு, 1954 மே 17 அன்று, இனத்தால் பிரிக்கப்பட்ட பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. அந்த வழக்குக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கான்சாஸ் பிள்ளைகள் ஒரு கறுப்பின மனிதரின் வாழ்க்கையை அவ்வாண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதைப் படிக்கும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. சட்டம் பிரித்து வைத்ததைப் பிள்ளைகளின் வாக்கு ஒன்றுசேர்த்தது என்று எழுதிவிட எழுதுகோல் துடிக்கிறது. ஆனால் அவசரப்படுதல் கூடாது. அந்நூலை இன்று மீண்டும் படிப்போர் வேறு ஒன்றையும் காண்கின்றனர். அடிமை முறையின் கொடுமையைவிட அமோஸின் பொறுமையையே ஆசிரியை மிகுதியாகப் பேசுகிறார். அவரை விலைக்கு வாங்கியோர் பெரும்பாலும் கனிந்த உள்ளத்தினராகவே வருகின்றனர். சினம் கொள்வதற்கு எல்லா உரிமையும் உடைய ஒருவர், சினமே அறியாதவராகச் சித்திரிக்கப்படுகிறார். பிற்காலத் திறனாய்வாளர் பலர் இதைக் கண்டித்துள்ளனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகிறோம். பொறுமை சிறந்த பண்புதான். ஆயின், பிறர் பொறுமையை அவர்களை ஒடுக்கியோரின் வழித்தோன்றல்கள் புகழும்போது, அப்புகழைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி நம் வினாவுக்கு வருவோம். 1953-இல் அந்நூலுக்கு வாக்களித்த பிள்ளை எதற்காக வாக்களித்தது? ஒரு மனிதரைச் சந்தையில் விற்றார்கள் என்ற செய்தி அதன் உறக்கத்தைக் கெடுத்ததாலா? அநீதியை அமைதியாகத் தாங்கியவர் நல்லவர் என்ற பாடம் அதற்கு ஆறுதலாக இருந்ததாலா? தோல் பதனிடும் தொழிலின் விவரங்கள் பிடித்திருந்ததாலா? ஆசிரியை அந்நூலை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டியதாலா? இவற்றுள் எதுவும் உண்மையாக இருக்கலாம். எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம். வாக்குச் சீட்டு நமக்கு ஒன்றும் சொல்லாது. எந்த நூல் என்பதை அது அறியும். ஏன் என்பதை அறியாது.

பட்டியல் என்னும் வாயில்

சிறுவர் தேர்வு விருதுகளைக் குறைகூறுவோர் வழக்கமாக வேறொரு குற்றத்தைச் சுமத்துவர். பிள்ளைகளிடம் விட்டால் எளிதானதையும் வேடிக்கையானதையும் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அவர்தம் வாதம். கான்சாஸின் வரலாறு இவ்வாதத்துக்குத் துணை நிற்கவில்லை. தனித் தீவில் பல்லாண்டுகள் தன்னந்தனியாக வாழ்ந்த பெண்ணைப் பற்றி ஸ்காட் ஓடெல் எழுதிய 'நீல டால்பின்களின் தீவு' என்ற கதை 1961-இல் நியூபெரி பெற்றது. 1963-இல் கான்சாஸ் பிள்ளைகளும் அதைத் தேர்ந்தெடுத்தனர். நியூபெரி பெறாத பெவர்லி கிளியரியின் 'எலியும் மோட்டார் சைக்கிளும்' 1968-இல் அவர்களுடைய வாக்கைப் பெற்றது. தனிமையின் துயரையும் விரும்பினார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டும் எலியையும் விரும்பினார்கள். இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? வளர்ந்தோராகிய நாமும் ஒரே வாரத்தில் துன்பியல் நாடகமும் நகைச்சுவைத் துணுக்கும் படிப்பவர்கள்தாமே!

நம் கவலை பிள்ளைகளின் சுவையைப் பற்றியது அன்று, பட்டியலைப் பற்றியது. ஆயிரக்கணக்கில் வெளியாகும் நூல்களிலிருந்து இருபதையோ முப்பதையோ பொறுக்கி எடுப்போர் பெரியவர்களே. பிள்ளைகள் வாக்களிக்கு முன்பே பெரிய தேர்தல் முடிந்துவிடுகிறது. பட்டியலில் இடம்பெறாத நூலுக்கு எந்தப் பிள்ளையும் வாக்களிக்க இயலாது. 1953-இல் அடிமை முறையின் கொடுமையைச் சினத்தோடு எடுத்துரைத்த ஒரு நூலையும் அமோஸின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் பிள்ளைகள் எதைத் தேர்ந்திருப்பார்கள் என்பது விடையில்லா வினா. ஒப்பிடும் உரிமையைத் தந்தோம் என்று பெருமை கொள்ளும் நாம், எவற்றோடு ஒப்பிடலாம் என்ற எல்லையை நாமே வகுக்கிறோம்.

எனினும், பட்டியலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு மாநிலத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு நூலைப் படித்தால் அவர்களுக்குள் பேசிக்கொள்ளப் பொதுவான பொருள் இராது. சிற்றூர்ப் பள்ளி நூலகமும் நகரப் பொது நூலகமும் ஒரே நூல்களை வாங்கி வைப்பதால்தான், ஒருவரையொருவர் பார்த்திராத பிள்ளைகள் ஒரே கதையை ஒரே ஆண்டில் படிக்கிறார்கள். நூலகர் தம் சிறு நிதியை எந்த நூல்களுக்குச் செலவிடுவது என்ற குழப்பமும் நீங்குகிறது. பள்ளியில் நூலகர் இல்லாத பிள்ளைக்குப் பொது நூலகம் அந்நூலைத் தர முடிகிறது. பட்டியல் வேண்டும். அதை வகுத்த கை பெரியவருடையது என்ற தன்னுணர்வும் வேண்டும்.

பெரியவர்களின் தீர்ப்பு என்றும் மாறாதது அன்று என்பதற்கு வெர்மாண்ட் சான்று தருகிறது. அங்குள்ள விருது, டாரதி கேன்பீல்ட் பிஷர் என்ற புகழ்பெற்ற எழுத்தாளரின் பெயரால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வழங்கப்பட்டுவந்தது. மரியா மாண்டிசோரியின் கல்வி முறையை அமெரிக்க மக்களுக்கு எடுத்துச் சொன்ன முன்னோடிகளுள் அவரும் ஒருவர். ஆயின், மனிதரில் 'தகுதியற்றோர்' பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டு இயக்கத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்றும், அபெனாகி பழங்குடியினரையும் பிரெஞ்சு கனடியரையும் அவர் எழுத்தில் இழிவாகக் காட்டினார் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் சார்பாக வாதிட்டோரும் உண்டு. முடிவில் 2019-இல் பெயரை மாற்றத் தீர்மானித்தனர். இன்று அது பொற்குவிமாட விருது என வழங்குகிறது. பெயர் மாற்றம் சரியா தவறா என்பதில் கற்றோர் வேறுபடலாம். ஆனால் இருதரப்பாரும் தம் காரணங்களை வெளிப்படையாகச் சொன்னார்கள். பிறர் அவற்றைக் கேட்டு மறுக்கவும் ஏற்கவும் முடிந்தது. பெரியவர்கள் தமக்கென எடுத்துக்கொண்ட அந்த வாய்ப்பு வாக்களிக்கும் பிள்ளைக்கும் கிட்ட வேண்டாமா?

'ஏன்' என்று கேட்பவர்

கிட்டுவதற்கு வழி உண்டு. அது நூலகரிடம் இருக்கிறது. வாக்குப் பெட்டியை மேசைமீது வைக்குமுன் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி, 'உனக்கு எந்த நூல் பிடித்தது?' என்று கேட்டபின், 'ஏன்?' என்றும் கேட்கும் நூலகரே இத்திட்டத்தின் உயிர். அக்கேள்விக்குப் பிள்ளை முதலில் தோளைக் குலுக்கும். 'நன்றாக இருந்தது' என்று முணுமுணுக்கும். நூலகர் பொறுமையோடு காத்திருந்தால், கதையில் ஓரிடத்தைச் சொல்லும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை, 'எனக்கு அந்த இடம்தான் பிடிக்கவில்லை' என்று குறுக்கிடும். அங்கே திறனாய்வு பிறந்துவிட்டது. 'அமோஸ் ஏன் கோபப்படவே இல்லை?' என்று ஒரே ஒரு பிள்ளை கேட்டிருந்தால், பிற்காலத் திறனாய்வாளர்கள் எழுதியதை அப்பிள்ளை அன்றே தொட்டிருக்கும். கேட்டிருக்கவும் கூடும். எண்ணிக்கை மட்டுமே எம்போரியாவுக்குச் சென்றதால் அக்குரல் நம்மை வந்தடையவில்லை.

எனவே இத்தகைய விருதுகளை நடத்துவோரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. வாக்குச் சீட்டில் நூலின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விடுங்கள். 'ஏனெனில்' என்று தொடங்கும் வெற்று வரி போதும். எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும். விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டா. அவ்வரிகளுள் சிலவற்றையேனும் தொகுத்து, அடுத்த ஆண்டின் பட்டியலை வகுக்கும் குழுவினர் படிக்கட்டும். வென்ற நூலுக்குரிய காரணங்களை மட்டுமன்றி, தோற்ற நூலுக்கு வாக்களித்த பிள்ளைகளின் காரணங்களையும் படிக்கட்டும். தன் விருப்பம் தோற்றுப்போன பிள்ளைக்கும் தன் சொல் கேட்கப்பட்டது என்ற நிறைவு கிட்டும். பட்டியலை வகுப்பதில் பிள்ளைக்குப் பங்கு பிறப்பதும் அப்போதுதான். கருத்துரிமைக்காகத் தலையங்கம் எழுதியவரின் பெயரைத் தாங்கிய விருதுக்கு இதைவிடப் பொருத்தமான அணி வேறில்லை.

வேலைப்பளு மிகுந்த நூலகருக்கு இது கூடுதல் சுமை என்பதை நாம் அறிவோம். எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம், காரணங்களைக் கூட்ட இயலாது, ஒவ்வொன்றாகப் படித்தாக வேண்டும். ஆனால் பிள்ளைகளிடம் இரண்டு நூல்களாவது படித்துவிட்டு வா என்று கேட்கும் நாம், அப்பிள்ளைகள் எழுதிய ஒரு வரியைப் படிக்க நேரமில்லை என்று சொல்வது நேர்மையாகாது.

அமோஸ் பார்ச்சூனின் வாழ்வில் இன்னொரு செய்தி உண்டு. 1795-இல் ஜாப்ரி ஊரார் தமக்கென ஒரு நூலகச் சங்கத்தை ஏற்படுத்தியபோது, அதை நிறுவியோருள் அவரும் ஒருவர். பிறந்த மண்ணிலிருந்து பறிக்கப்பட்டு, பிறருடைய உடைமையாக ஆண்டுகள் பல கழித்து, அறுபது வயதில் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட அம்முதியவர், ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று எண்ணினார். அவர் அங்கு எந்த நூலை எடுத்துப் படித்தார், அதைப் படித்து எதை விரும்பினார், எதை வெறுத்தார் என்று அக்காலத்தில் அவரைக் கேட்டுக் குறித்து வைத்தவர் எவரும் இல்லை. அவரைப் பற்றி நாம் அறிபவை பெரும்பாலும் பிறர் எழுதியவையே. பொறுமைசாலி என்று எழுதினார்கள். அவரோ மறுமொழி கூற இல்லை.

அவரது கதையைப் படித்து வாக்களிக்கும் பிள்ளைகளுக்காவது அந்நிலை வேண்டா. அவர்கள் நம் எதிரில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் கேட்டால் சொல்வார்கள்.